தலையணை மேல் போட்ட பழி

பல் விளக்கக் குனிந்தபோதுதான் தெரிந்தது, கழுத்து திரும்பவில்லை. இடப்பக்கம் பார்க்க வேண்டுமானால் தோளும் மார்பும் சேர்ந்து திரும்பின, பீரோவை நகர்த்தித் திருப்பி வைப்பதுபோல. மாடிப்படியில் எதிர்ப்பட்ட கீழ்வீட்டுப் பாட்டிக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. "ராத்திரி கழுத்து பிடிச்சிக்கிச்சா? தலகாணிய எடுத்துட்டுப் போய் மொட்டை மாடியில வெயில்ல போடுப்பா. சாயங்காலத்துக்குள்ள விட்டுடும்" என்றார். வலி எனக்கு, வைத்தியம் தலையணைக்கு. சிரித்தபடி வண்டியை எடுத்துவிட்டேன். சேலையூரிலிருந்து மேடவாக்கம் வரை வேளச்சேரி சாலையில் பின்னால் வருவதைத் திரும்பிப் பார்க்க முடியாமல் ஓட்டியது தனிக் கதை.

நான்கு நாளில் விட்ட பிடிப்பு மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. பிறகு மாதத்துக்கு இரண்டு முறை. ஆறாவது மாதத்தில் 'பிடிப்பு' என்று சொல்வதை விட்டுவிட்டு 'கழுத்து வலி' என்று சொல்லத் தொடங்கியிருந்தேன். வந்து போவது நின்று, கூடவே குடியிருக்க ஆரம்பித்திருந்தது. யாரைக் கேட்டாலும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள்: படுக்கிற விதம். ஆனால் தீர்ப்பில் ஒற்றுமை இல்லை. குப்புறப் படுக்காதே, உயரத் தலையணை வேண்டாம், தலையணையே வேண்டாம், வெறும் பாயில் படு, ஒருக்களித்துப் படு, மல்லாந்து படு. இவற்றில் எதற்கு என்ன ஆதாரம் என்று தேடிப் போனதில் சேர்ந்தவைதான் இங்கே இருப்பவை. தேடி முடித்தபின் எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தலையணைக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் அதன் மேல் விழும் பழியில் பெரும்பகுதி பகலுக்கும் தூங்கக் கிடைக்காத மணிநேரங்களுக்கும் போக வேண்டியது.

கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள். ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான், ஒவ்வொன்றும் நீளம், அவ்வளவே. ஏழும் சேர்ந்து சுமப்பது ஏறக்குறைய ஐந்து கிலோ எடையுள்ள தலையை. தலையை இடவலமாகத் திருப்பும்போது அந்தத் திருப்பத்தில் கிட்டத்தட்டப் பாதி மேலே உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவிலேயே நடந்துவிடுகிறது. மிச்சத்தைக் கீழே இருப்பவை பங்கு போட்டுக்கொள்கின்றன. எலும்புகளுக்கு நடுவே நம் ஊரில் 'ஜவ்வு' என்று சொல்லப்படும் வட்டுகள். பின்புறம் பக்கத்துக்கு ஒன்றாகச் சிறு மூட்டுகள். அந்தச் சிறு மூட்டுகளில் ஒன்று எரிச்சலடைய, அதை அசையவிடாமல் காப்பதற்காகச் சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்வதுதான் காலைப் பிடிப்பு என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். தோள்பட்டை எலும்பின் மேல் உள்மூலையிலிருந்து கழுத்துக்கு ஏறும் தசைக்கு லெவேட்டர் ஸ்காபுலே என்று பெயர். பிடித்துக்கொண்டவரிடம் "எங்கே வலி?" என்று கேட்டுப் பாருங்கள், விரல் பெரும்பாலும் அந்த மூலையில்தான் போய் நிற்கும்.

குப்புறப் படுப்பதன் மேல் உள்ள குற்றச்சாட்டு நியாயமானதே. மூச்சுவிட வேண்டுமே, அதற்காகத் தலை ஏதாவது ஒரு பக்கம் முழுக்கத் திரும்பியாக வேண்டும். திரும்பக்கூடிய எல்லைவரை கழுத்தைத் திருப்பி இரண்டு மணி நேரம் அப்படியே விட்டுவிடுவது, பக்கத்து இருக்கைக்காரரின் முகத்தையே பார்த்தபடி கிளாம்பாக்கத்திலிருந்து விழுப்புரம் வரை பேருந்தில் போவதற்குச் சமம். விழித்திருக்கும்போது யாரும் அப்படிப் போகமாட்டோம்.

இவ்வளவு நியாயமாகத் தெரியும் ஒன்றுக்கு ஆராய்ச்சி மலையாகக் குவிந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். 2019-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டக் கேரியும் உடன் ஆய்வாளர்களும் படுக்கும் நிலைக்கும் முதுகெலும்பு வலிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அதுவரை வெளிவந்ததையெல்லாம் திரட்டிச் சலித்துப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் தேறியவை நான்கே நான்கு. அவை ஒருக்களித்துப் படுப்பது நல்லது என்ற பக்கம் சாய்ந்தாலும், அடித்துச் சொல்லும் அளவுக்குத் தரமானவை அல்ல. அதாவது, 'இப்படிப் படுத்தால் வலி வராது' என்று கடையிலும் கைபேசியிலும் நமக்குச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி அனுமானம். பொய் என்று சொல்லவில்லை. பார்த்தால் சரியாகத் தெரிகிற அனுமானம்.

இன்னொன்று. ஆரோக்கியமாகத் தூங்குபவர் ஓர் இரவில் எத்தனையோ முறை புரண்டு படுக்கிறார். கழுத்துக்கு எந்த நிலையும் ஆகாத நிலையல்ல, நீடித்தால்தான் ஆகாது. புரள்வதைத் தடுப்பது எதுவோ அதுதான் இரவின் உண்மையான ஆபத்து. மதுவும் தூக்க மாத்திரையும் அந்தப் புரளலைக் குறைக்கின்றன. போதையில் நாற்காலிக் கைப்பிடியில் கையைத் தொங்கவிட்டுத் தூங்கி, விடிந்ததும் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போவதற்கு மருத்துவத்தில் 'சனிக்கிழமை இரவு வாதம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இடநெருக்கடியும் புரளலைத் தடுக்கும். ஒரே கட்டிலில் குழந்தையோடு மூன்று பேர் படுக்கும் வீட்டில், ஓரத்தில் படுப்பவர் விடியும்வரை ஒரே பக்கம்தான்.

*

இங்கிருந்துதான் எங்கள் தாம்பரம் பக்கத்துக்கு வர வேண்டும். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அன்றிலிருந்தே இது தூங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் ஊர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். செங்கல்பட்டிலிருந்து வரும் காலை வண்டியில் கூடுவாஞ்சேரிக்குள் பாதிப் பெட்டி கோழித் தூக்கத்தில் இருக்கும். நான் ஒருநாள் எதிர் இருக்கையில் இருந்த பெண்மணியைக் கவனித்தேன். தலை முன்னால் விழும், பிடரித் தசை வெடுக்கென்று இழுக்கும், அரைக் கண் திறக்கும், மறுபடி விழும். வண்டலூருக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவில் மட்டும் ஒன்பது முறை எண்ணினேன். தாம்பரம் சானடோரியத்தில் இறங்கி மெப்ஸ் ஏற்றுமதி வளாக வாசலை நோக்கி நடந்தார். அங்கே எட்டு மணி நேரமும் குனிந்த தலையோடு செய்யும் வேலையாக இருக்கலாம். மறுநாள் காலையில் கழுத்து பிடித்துக்கொண்டால் அவரும் தலையணையைத்தான் சொல்வார்.

சோழிங்கநல்லூர், சிறுசேரிப் பக்கம் இரவுப் பணி பார்ப்பவர்களின் கணக்கு வேறு. விடியற்காலை மூன்று மணிக்கு அலுவலக வண்டியில் ஏறினால், ஆறு பேரை இறக்கிவிட்டு இவர் வீடு வர ஐந்தாகும். அந்த இரண்டு மணி நேரமும் ஜன்னல் கண்ணாடியில் தலை முட்டியபடி ஒரு தூக்கம். வீட்டுக்கு வந்து ஏழு மணிக்குப் படுத்தால், எட்டரைக்குத் தெருவில் ஒலிபெருக்கி: பழைய மிக்சி, பழைய கிரைண்டர், பழைய பேட்டரி. பதினோரு மணிக்கு மேல் அறை அடுப்பாகிவிடும். ரயில் பயணத் தூக்கமும் அப்படித்தான். நாகர்கோவில் போகும் அந்த்யோதயா ரயில் தாம்பரத்திலிருந்துதான் கிளம்புகிறது, முழுக்க முன்பதிவில்லாப் பெட்டிகள். ஊருக்குப் போய்த் திரும்பும் திங்கட்கிழமை காலைகளில் நடைமேடையில் கழுத்தைத் தடவியபடி இறங்குபவர்களைப் பார்த்தால், இந்தக் கட்டுரையின் பாதியை எழுத வேண்டிய தேவையே இல்லை.

உட்கார்ந்தபடி தூங்குவதுதான் கழுத்துக்கு மிக மோசமான தூக்கம் என்பது என் கட்சி. படுக்கையில் தலையின் எடையைத் தலையணை வாங்கிக்கொள்கிறது. உட்கார்ந்த தூக்கத்தில் அதை வாங்கிக்கொள்ள ஒன்றுமில்லை. குதிரைலாட வடிவக் கழுத்துத் தலையணையைப் பிளாட்பாரத்தில் வாங்கினால், அதன் தடித்த பக்கத்தைப் பின்னால் வைக்காமல் தாடைக்குக் கீழோ தலை சாயும் பக்கத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். தலை விழுவது முன்னாலும் பக்கத்திலும்தான், பின்னால் ஏற்கனவே இருக்கை இருக்கிறது.

தூக்கம் குறைந்தால் வலி கூடும் என்பதற்கு, படுக்கும் நிலையைப் பற்றி இருப்பதைவிட உறுதியான சான்று இருக்கிறது. வலி தூக்கத்தைக் கெடுக்கிறதா, கெட்ட தூக்கம் வலியைக் கொண்டுவருகிறதா என்று பழைய சர்ச்சை ஒன்று உண்டு. 2013-ல் பேட்ரிக் ஃபைனனும் சகாக்களும் அதுவரையிலான நீண்டகால ஆய்வுகளைப் பரிசீலித்து, இரண்டு வழியும் உண்மைதான் என்றாலும், கெட்ட தூக்கம் பின்னால் வரும் வலியை முன்னறிவிப்பதே வலுவாகத் தெரிகிறது என்று எழுதினார்கள். அரைகுறைத் தூக்கத்தில் நரம்பு மண்டலத்தின் வலி அளவுகோலே மாறிவிடுகிறது. நேற்று பொறுத்துக்கொண்ட இறுக்கத்தை இன்று வலியாகச் சொல்கிறது. தலையணை அதேதான், மெத்தை அதேதான்.

கைபேசியைச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. தலையை அறுபது டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் 27 கிலோ சுமை விழுகிறது என்ற படம் உங்களுக்கும் வாட்ஸாப்பில் வந்திருக்கும். நியூயார்க் அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் போட்ட கணக்கு அது. கணினி மாதிரி, நோயாளிகளைச் சோதித்துச் சொன்னதல்ல. 2018-ல் ரியோ டி ஜெனீரோவில் 18 முதல் 21 வயதுவரை உள்ள 150 பேரைப் பார்த்தபோது, குனிந்து கைபேசி பார்ப்பதற்கும் கழுத்து வலிக்கும் தொடர்பே தென்படவில்லை. என் சந்தேகம் வேறு: கைபேசி கழுத்தைக் கெடுப்பது குனிய வைப்பதால் அல்ல, பன்னிரண்டரை மணிவரை விழித்திருக்க வைப்பதால்.

*

இனித் தலையணை. புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் சித்தன்னவாசல் மலையில் ஏழடிப்பட்டம் என்ற குகை இருக்கிறது. சமணத் துறவிகள் படுக்க வழவழவென்று தேய்த்த பதினேழு கற்படுக்கைகள். ஒவ்வொன்றிலும் தலைப்பக்கம் சற்றே மேடாகச் செதுக்கிய கல் தலையணை. அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கிறிஸ்துவுக்கு முற்பட்டது என்கிறார்கள். எல்லாவற்றையும் துறந்தவர்களும் தலைக்கு நான்கு விரல் உயரத்தைத் துறக்கவில்லை. பழைய வீடுகளின் திண்ணையிலும் ஓரத்தில் சுண்ணாம்பு பூசிய சரிவான திண்டு ஒன்று கட்டுமானத்தோடு சேர்ந்தே இருக்கும், வழிப்போக்கர் தலைவைக்க. தலைக்கு உயரம் வேண்டும், மென்மை பிறகு என்று நம் முன்னோர்கள் தெரிந்து வைத்திருந்ததாகவே படுகிறது. சித்தர் தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதியில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லியிருப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அவர் மனத்தில் இருந்தது கழுத்தைவிடச் செரிமானமாக இருக்கலாம்.

பிறகு இலவம் பஞ்சு. போடிப் பக்கத்திலிருந்து வரும் பஞ்சை உறையில் திணித்துத் தைத்துத் தரும் கடைகள் இன்னும் தாம்பரத்தில் உண்டு, "எத்தனை கிலோ போடணும்?" என்று கேட்பார்கள். இலவ இழை உள்ளே காற்று நிறைந்த குழல் மாதிரி. புதிதில் உப்பியிருக்கும், ஈரம் ஏற ஏற, தலை அழுத்த அழுத்தச் சப்பிப்போகும். நம் கடலோர ஈரக் காற்றில் இரண்டு வருடத்தில் அது தோசைக்கல் கனத்துக்கு வந்துவிடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. தண்ணீர் வடிந்தபின் முடிச்சூர் சாலையோரம் நனைந்த மெத்தைகள் மலையாகக் கிடந்தன. தூக்கிப்போட மனமில்லாதவர்கள் காயவைத்துக் கட்டிதட்டிய மெத்தையிலேயே படுத்தார்கள். அதற்கப்புறம்தான் எங்கள் தெருவில் ஃபோம் நுழைந்தது. நினைவு ஃபோம் என்பது 1966-ல் நாசாவுக்காக விமான இருக்கைகளுக்கு உருவாக்கப்பட்டது; ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து மாதத் தவணையில் சிட்லபாக்கம் வரை வந்திருக்கிறது.

நானும் ஒரு கடையில் 2,400 ரூபாய் கொடுத்து, நடுவில் பள்ளமும் ஓரத்தில் மேடுமாக வளைந்த 'ஆர்த்தோ' தலையணை வாங்கினேன். கடைக்காரர் கழுத்தெலும்புப் பொம்மையை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பாடம் எடுத்தார். ஒரு மாதம் படுத்தேன். வித்தியாசம் என் பணப்பையில் மட்டும்தான். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: ஆஸ்திரேலியாவில் சூசன் கார்டனும் சகாக்களும் 2009-ல் ஒருக்களித்துப் படுக்கும் 106 பேருக்கு ஐந்து வகைத் தலையணைகளைத் தலா ஒரு வாரம் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். இறகுத் தலையணை கடைசி இடம். ரப்பர் பாலில் செய்த லேடெக்ஸ் நன்றாக வந்தது. வளைவு வைத்த ஃபோமுக்குச் சாதாரண ஃபோமைவிட எந்த மேன்மையும் தெரியவில்லை. அதாவது வடிவம் அவ்வளவு முக்கியமில்லை; இரவு முழுக்கச் சப்பாமல் உயரத்தைக் காப்பாற்றுகிறதா என்பதுதான் கேள்வி.

எவ்வளவு உயரம்? இதற்கு ஆராய்ச்சிக் கூடம் வேண்டாம், தையல் டேப் போதும். சுவரில் ஒரு தோளைச் சாய்த்து நேராக நின்றேன். காதுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை வீட்டில் அளந்து சொன்னார்கள், 13 சென்டிமீட்டர். ஒருக்களித்துப் படுக்கும்போது மெத்தையில் தோள் ஏறக்குறைய மூன்று அமுங்குகிறது. ஆக எனக்குத் தேவை பத்து. என் பழைய இலவம் பஞ்சுத் தலையணை மேல் தலைக்குப் பதிலாக ஐந்து கிலோ பொன்னி அரிசிப் பையை வைத்து அளந்தேன், ஐந்து. இரண்டு வருடமாக இரவெல்லாம் என் தலை தோள் பக்கம் தொங்கியபடி இருந்திருக்கிறது. பத்தமடைப் பாயில் படுப்பவருக்கு அமுங்குவதற்கு ஒன்றுமில்லை, இன்னும் உயரம் வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு இதில் பாதி போதும். அதற்கு மேல் போனால் தாடை நெஞ்சைத் தொடும். ஒரே தலையணையில் பாதி இரவு மல்லாந்தும் பாதி இரவு ஒருக்களித்தும் படுப்பவர்களுக்கு நடுவில் தாழ்வும் ஓரங்களில் உயரமும் உள்ளது வசதி. துண்டை மடித்து உறைக்குள் ஓரமாகச் செருகினாலும் அதே வசதிதான். குப்புறப் படுத்தே பழகியவர் ஒரே நாளில் மாற முடியாது. நெஞ்சுக்கும் ஒரு பக்க இடுப்புக்கும் அடியில் தலையணை கொடுத்து முக்கால் ஒருக்களிப்பாகப் படுத்தால் கழுத்து திரும்பும் கோணம் குறையும். குழந்தைகளை அணைத்துக்கொண்டு படுப்பவர்கள் ஏற்கனவே இப்படித்தான் தூங்குகிறார்கள்.

*

வந்த வலிக்கு என்ன செய்வது என்பதில் எங்கள் வட்டாரத்தில் பஞ்சமே இல்லை. கால் முன்னே வந்து பிறந்தவர் காலால் நீவிவிட்டால் சுளுக்குப் போகும், இரட்டைப் பிள்ளை பெற்றவள் வழித்தால் போகும், பிடரியில் உலக்கையை உருட்டினால் போகும். இவையெல்லாம் 'பலிப்பதற்கு' எளிய காரணம் ஒன்று உண்டு. சாதாரணப் பிடிப்பு நான்கைந்து நாளில், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் தானாகவே விட்டுவிடும். நான்காம் நாள் யார் கை வைத்தாரோ அவர் கைராசிக்காரர். உலக்கையில் மட்டும் கூடுதலாக ஒரு விஷயம் இருக்கிறது: உருட்டும் அழுத்தமும் அசைவும் தசைக்கு உண்மையிலேயே இதம்.

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005-ல் திறக்கப்பட்டது. காலையில் அங்கே புறநோயாளி வரிசையில் நின்றால், கழுத்தையும் இடுப்பையும் பிடித்தபடி வந்தவர்களே கண்ணில் படுவார்கள். கழுத்தெலும்புத் தேய்மானத்தைச் சித்த மருத்துவர்கள் சகன வாதத்தோடு ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். யூகி வைத்திய சிந்தாமணி வகுத்த எண்பது வாத நோய்களில் ஒன்று அது. தொக்கணம் என்ற கைமுறைச் சிகிச்சையில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலிய ஒன்பது வகை. வர்மப் புள்ளிகள் 108, அவற்றில் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் பன்னிரண்டு. பிடரியிலும் வர்மம் உண்டு. விரல் அளவும் விசையும் தெரியாதவர் தொடக்கூடாது என்று அந்த மரபே கறாராகச் சொல்கிறது. எண்ணெய், ஒற்றடம், பிடித்துவிடுதல் ஆகியவை தசையைத் தளர்த்தி, சில நாள் வலியைக் குறைத்து, கழுத்தை அசைக்கத் தைரியம் தருகின்றன. நவீன ஆய்வுகளும் மசாஜ் பற்றிக் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கின்றன: பலன் உண்டு, நீடிக்காது. கிடைத்த அந்தச் சில நாட்களில் கழுத்தை வேலை வாங்கத் தொடங்காவிட்டால் செலவழித்த எண்ணெய் வீண்.

சலூனில் முடிவெட்டி முடித்ததும் தாடையையும் உச்சந்தலையையும் பிடித்து 'டக்' என்று நெட்டி எடுப்பதை மட்டும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். கழுத்தெலும்புத் துளைகளின் வழியாக மூளைக்கு இரண்டு ரத்தக் குழாய்கள் ஏறுகின்றன. சட்டென்ற முறுக்கலில் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. அழகு நிலையத்தில் தலை அலசப் பின்னால் சாய்த்ததைத் தொடர்ந்து நரம்புக் கோளாறுகளுக்கு ஆளான ஐந்து பெண்களைப் பற்றி மைக்கேல் வைன்ட்ராப் 1993-லேயே அமெரிக்க மருத்துவ இதழில் எழுதினார். நாற்பது ரூபாய் 'டிப்ஸ்' கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஆபத்தா இது?

மாத்திரைப் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாரசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ சில நாட்களுக்கு உதவும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இரண்டாவதைத் தாமாக வாங்கி விழுங்கக்கூடாது. தசை தளர்த்தும் மாத்திரை தூக்கம் வரவழைக்கும், அதைப் போட்டுக்கொண்டு ஜிஎஸ்டி சாலையில் வண்டி ஓட்ட வேண்டாம். சிட்னியில் 347 பேரிடம் நடத்தி 2023-ல் வெளியான ஆய்வில், திடீர் முதுகு, கழுத்து வலிக்குக் கொடுத்த ஓபியாய்டு மாத்திரை வெற்று மாத்திரையைவிட எந்த வகையிலும் மேலாக இல்லை.

ஸ்கேன் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயமே பாதி நோய். ஒரு கிளினிக்கில் என் எம்ஆர்ஐ படத்தை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்து, "சி5, சி6 ஜவ்வு வெளிய வந்திருக்கு, தேய்மானம். காலர் போட்டுக்கோங்க, வெயிட் தூக்காதீங்க" என்றார்கள். இரண்டு மாதம் காலரோடு, கோயில் குதிரை மாதிரி நேரே பார்த்துக்கொண்டு நடந்தேன். வலி குறையவில்லை, கழுத்து மெலிந்தது. ஜப்பானில் நகாஷிமா குழுவினர் எந்தக் கழுத்துத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்து 2015-ல் வெளியிட்டார்கள். அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு வட்டு வெளியே பிதுங்கியிருந்தது, வலியே இல்லாமல். தலைமுடி நரைப்பதை நாம் 'முடித் தேய்மானம்' என்று யாரிடமும் சொல்லி மிரட்டுவதில்லை.

பலன் தந்தது எது என்று கேட்டால், சலிப்பூட்டும் பதில்தான்: அசைவும் பயிற்சியும். மின்னசோட்டாவில் 272 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு எலும்பு நீவும் சிகிச்சை, ஒரு பிரிவுக்கு மாத்திரை, மூன்றாவது பிரிவுக்கு வீட்டில் செய்யும் மெல்லிய அசைவுகளை இரண்டே அமர்வில் கற்றுக்கொடுத்தார்கள். 2012-ல் வந்த முடிவில், பன்னிரண்டு வாரம் கழித்து மாத்திரைக்காரர்களைவிடக் கைச் சிகிச்சைக்காரர்கள் மேல்; இருபத்தாறாம் வாரத்தில் வீட்டுப் பயிற்சிக்காரர்களும் மேல். வீட்டுப் பயிற்சி, கைச் சிகிச்சைக்குச் சற்றும் சளைக்கவில்லை. அவர்கள் செய்தது நாளுக்கு ஆறு முதல் எட்டு முறை, ஐந்து பத்து அசைவுகள்: தாடையை உள்ளிழுப்பது, தலையைத் திருப்புவது, சாய்ப்பது. நாட்பட்ட வலிக்கு டென்மார்க்கில் 198 அலுவலக ஊழியர்களிடம் நடந்த 2011 ஆய்வு இன்னும் எளிது. ரப்பர் பட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு இரு கைகளையும் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி இறக்குவது, நாளுக்கு இரண்டு நிமிடம், வாரம் ஐந்து நாள், பத்து வாரம். பன்னிரண்டு நிமிடம் செய்தவர்களுக்குக் கிடைத்ததில் பெரும்பங்கு இரண்டு நிமிடக்காரர்களுக்கும் கிடைத்தது. 'கரண்ட் வைக்கும்' பிசியோதெரபிக்குப் பதினைந்து நாள் போய் வந்த எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. படித்துவிட்டு நானே தொடங்கினேன். பத்தாவது நாளில் பட்டையைப் பிடிப்பது பழகியது, ஆறாவது வாரத்தில் காலையில் கழுத்தைப் பற்றி நினைக்காமல் பல் விளக்கியிருந்தேன். முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். கழுத்து வலி வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சில ஆண்டுகளுக்குள் மறுபடியும் அதைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள் என்று 2008-ல் வெளியான சர்வதேசப் பணிக்குழு அறிக்கை சொல்கிறது. 2020 கணக்குப்படி உலகில் 20.3 கோடிப் பேருக்கு இந்த வலி. நான் தனியாள் இல்லை.

ஆனால் எல்லாக் கழுத்து வலியும் தலையணைக் கதை அல்ல. கை விரல் மரத்துப்போவது, சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுவது, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் கட்டுப்பாடு போவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, கீழே விழுந்தபின் வரும் வலி, நெஞ்சிலிருந்து தாடைக்கும் கைக்கும் பரவும் வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் எண்ணெயும் உலக்கையும் வேண்டாம், மருத்துவமனைக்குப் போங்கள். தாம்பரத்துக்காரர்கள் ஒன்றைக் கூடுதலாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். எங்கள் ரயில் நிலையத்துக்குச் 'சானடோரியம்' என்று பெயர் தந்தது டேவிட் சௌரி முத்து 1928-ல் காசநோயாளிகளுக்காக நிறுவிய மருத்துவமனை. காசம் நுரையீரலோடு நிற்பதில்லை, முதுகெலும்புக்கும் வரும். மாலைக் காய்ச்சல், எடை இழப்பு, இரவில் கூடும் வலி, படுக்கையிலிருந்து எழும்போது இரு கைகளாலும் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு எழுவது என்றிருந்தால், அதைத் தேய்மானம் என்று விட்டுவிடக்கூடாது.

பாட்டி சொன்னதைக் கடைசியில்தான் செய்து பார்த்தேன். மே மாதத்து ஞாயிறு ஒன்றில் பழைய இலவம் பஞ்சுத் தலையணையைப் பத்து மணிக்கு மொட்டை மாடியில் போட்டு, மதியம் ஒரு தடவை புரட்டி, மூன்று மணிக்கு எடுத்து நாலு தட்டுத் தட்டினேன். அதே ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்து அளந்தால் எட்டு சென்டிமீட்டர் இருந்தது. ஈரம் போய் இழை உப்பியிருக்கிறது. மடித்த துண்டு ஒன்றை உறைக்குள் வைத்ததும் பத்து. இரண்டு வாரத்தில் அது மறுபடி ஐந்தரைக்கு இறங்கிவிட்டது. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தலையணையோடு மாடி ஏறினால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பாட்டியின் தலகாணி எனக்கு முன்பே காய்ந்துகொண்டிருக்கும்.